பனிச்சறுக்கு ஊரில் அப்பார்ட்மென்ட்: முதலீடாகப் பார்த்தால் தேறுமா?

டோக்கியோவில் அதிவேக ரயில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் எச்சிகோ-யுஸாவா வந்துவிடும். இறங்கியதும் சுற்றிலும் மலை, பனிச்சறுக்குத் தளங்கள், நடுவே வரிசையாக நிமிர்ந்து நிற்கும் அப்பார்ட்மென்ட் கட்டடங்கள். அவற்றில் உள்ள ஸ்டுடியோ என்ற ஒற்றை அறை வீடுகள் ஒரு லட்சம் யென்னுக்கு விற்பனைக்கு வருவதுண்டு. நல்ல சறுக்குப் பலகையும் பூட்ஸும் வாங்கினாலே அந்தப் பணம் காலி. 1990ஐ ஒட்டி ஜப்பானில் நில விலை தலைதெறிக்க ஏறிய காலத்தில், இதே ஊரில் கோடி யென்னைத் தாண்டியும் வீடுகள் விலை போயின.

பனி நின்றுபோனதால் இந்தக் கதி வரவில்லை. யுஸாவாவில் இன்றைக்கும் ஆள் உயரத்துக்குப் பனி கொட்டுகிறது, ரயிலும் ஓடுகிறது. நடந்தது வேறு. சில வருடங்களுக்குள் அந்தச் சின்ன ஊரில் ஏறத்தாழ 15,000 ரிசார்ட் வீடுகளைக் கட்டித் தள்ளிவிட்டார்கள். 1993 வாக்கில் ஜப்பானில் பனிச்சறுக்குக்குப் போனவர்கள் ஒரு கோடியே எண்பது லட்சம் பேருக்கும் மேல். பிறகு அது பாதிக்கும் கீழே இறங்கியது. வாங்க ஆளில்லை. ஆனால் கட்டடம் சும்மா நிற்காதே. பொது வெந்நீர்க் குளியல், நீச்சல் குளம், லிஃப்ட், கூரையில் சேரும் பனியைத் தள்ளும் ஆட்கள் எல்லாவற்றுக்கும் பராமரிப்புக் கட்டணமும், பெரிய பழுதுக்கான சேமிப்பு நிதியும் சேர்த்து மாதம் 20,000, 30,000 யென் என்று கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். போதாக்குறைக்கு, பழைய உரிமையாளர் கட்டாமல் விட்ட பாக்கி சட்டப்படி புது உரிமையாளர் தலையிலும் விழும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கடினம்.

வெளிநாட்டில் பனிச்சறுக்கு வீடு வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது யுஸாவாவைத்தான் என்று நினைக்கிறேன். ஏனென்றால் இந்தவகை வீட்டின் மதிப்பு வீட்டுக்குள் இல்லை. இன்னும் எத்தனை வீடு கட்ட ஊர் அனுமதிக்கும், ரோப்காரை நடத்துகிறவர் யார், வாடகைக்கு விடச் சட்டம் என்ன சொல்கிறது, கட்டடத்தின் பொதுச் செலவு எவ்வளவு, பனி எத்தனை வாரம் நிற்கும் என்று எல்லாமே கதவுக்கு வெளியே, அடுத்தவர் கையில் இருக்கிற விஷயங்கள். புரோஷரில் இருப்பதோ கணப்பு அடுப்பும் பால்கனியும்.

யுஸாவாவின் ஐரோப்பிய நகல் பல்கேரியாவின் பான்ஸ்கோ. பிரின் மலையடிவாரத்தில் இருக்கும் பழைய ஊர். 2007இல் பல்கேரியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதை ஒட்டி, பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்தவர்கள் நேரில்கூடப் பார்க்காமல் ஸ்டுடியோக்களை வாங்கினார்கள். ஆல்ப்ஸில் ஒரு கார் நிறுத்துமிடம் வாங்கும் காசுக்கு இங்கே ஒரு வீடு என்ற கணக்கு. மலை மேல் ஏற ஊரிலிருந்து இருந்தது ஒரே ஒரு கோண்டோலா (கூண்டு ரோப்கார்) வரிசை. கீழே கட்டடங்கள் மட்டும் முளைத்துக்கொண்டே போயின. 2008 நெருக்கடி வந்ததும் விலை பாதிக்கும் கீழே சரிந்தது. எல்லா வளாகத்திலும் நீச்சல் குளம், சானா; அதற்கெல்லாம் சதுர மீட்டர் கணக்கில் வருடாந்திரக் கட்டணம். பாதி உரிமையாளர்கள் கட்டுவதை நிறுத்திவிட்டால் மீதிப் பேர் என்ன செய்வது? இதில் சண்டை போட்டே பல வளாகங்கள் நொடித்தன. சமீப வருடங்களில் மடிக்கணினியோடு வந்து தங்கி வேலை பார்ப்பவர்களால் ஊர் மறுபடி எழுந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் 2007இல் வாங்கியவர்களுக்கு அது எத்தனை வருடம் கழித்து வந்த ஆறுதல்! ஜார்ஜியாவின் குதௌரியில் இப்போது எழும் ஸ்டுடியோ கட்டடங்களைப் பார்க்கும்போது எனக்கு பான்ஸ்கோவின் ஞாபகம்தான் வருகிறது. அந்த ஊர் இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது, பனிக்குக் குறையில்லை. ஆனால் பக்கத்து மனையில் அடுத்த கட்டடம் எழுவதைத் தடுக்க எதுவும் இல்லாத இடத்தில் பழைய ஸ்டுடியோவுக்கு ஏன் விலை ஏற வேண்டும்?

இதற்கு நேர் எதிர் சுவிட்சர்லாந்து. அங்கே வெளிநாட்டில் வசிப்பவர் வீடு வாங்குவதை லெக்ஸ் கோலர் என்று அழைக்கப்படும் சட்டம் கட்டுப்படுத்துகிறது. நாடு முழுவதற்குமாக வருடத்துக்கு 1,500 விடுமுறை வீடுகளுக்குத்தான் அனுமதி. அதை மாநிலங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. சுற்றுலாத் தலம் என்று குறிக்கப்பட்ட ஊர்களில் மட்டும், பொதுவாக 200 சதுர மீட்டருக்குள், ஒரு குடும்பத்துக்கு ஒன்று. விடுமுறை வாடகைக்கு அவ்வப்போது விடலாம். வருடம் முழுக்க ஒருவருக்கே குடியமர்த்த முடியாது. இதற்கு மேல் 2012 மார்ச்சில் ஒரு பொது வாக்கெடுப்பு நடந்தது. எந்த ஊரிலும் இரண்டாம் வீடுகள் மொத்தத்தில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற முன்மொழிவு 50.6 சதவீத வாக்கோடு மயிரிழையில் ஜெயித்தது. வெர்பியே, ஸெர்மாட் போன்ற ஊர்கள் அந்த வரம்பை எப்போதோ தாண்டியவை. ஆகவே அங்கே புதிதாக விடுமுறை வீடு கட்டுவது அநேகமாக நின்றுவிட்டது. அந்த வாக்கெடுப்புக்கு முன்பே இருந்த வீடுகள் இந்தக் கட்டுப்பாடு இல்லாமல் கை மாறலாம் என்பதால் அவற்றுக்குத் தனி மவுசு. ஆண்டர்மாட் மட்டும் விதிவிலக்கு: எகிப்தியத் தொழிலதிபர் சமீஹ் சவிரிஸ் எழுப்பிய ரிசார்ட்டுக்கு லெக்ஸ் கோலரிலிருந்து விலக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆக, விலையைத் தாங்குவதில் பனியைவிடச் சட்டத்துக்குப் பங்கு அதிகம். ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூயல் ஊர் கடல் மட்டத்திலிருந்து எண்ணூறு மீட்டரைக்கூடத் தொடாது. பனிச்சறுக்கு ஊருக்கு அது தாழ்வுதான். ஆனாலும் அந்த நாட்டிலேயே விலை மிகுந்த இடங்களில் அதுவும் ஒன்று. காரணம், டிரோல் மாநிலம் விடுமுறை வீடுகளை இறுக்கிப் பிடித்திருக்கிறது. சாதாரண வீட்டை வாங்கி விடுமுறைக்கு மட்டும் பயன்படுத்தினால் 40,000 யூரோ வரை அபராதம் வரலாம். ‘முதலீட்டு அப்பார்ட்மென்ட்’ என்று அங்கே விளம்பரம் செய்யப்படுபவை பெரும்பாலும் சுற்றுலா வாடகைக்கென்றே ஒதுக்கப்பட்டவை. அவற்றை ஒரு நிர்வாக நிறுவனம் மூலம் வாடகைக்கு விட்டே ஆக வேண்டும். உரிமையாளர் போய்த் தங்குவதற்கும் வரம்பு உண்டு. சொந்த வீட்டில் விருந்தாளி.

வாடகை உத்தரவாதம் என்ற வார்த்தைக்குப் பேர் போன நாடு பிரான்ஸ். அங்கே புதுக் கட்டடத்தின் விலையில் 20 சதவீத வாட் வரி அடங்கியிருக்கும். வீட்டைச் சுற்றுலா விடுதி நிறுவனத்துக்கு வணிகக் குத்தகைக்குக் கொடுத்தால் அந்த வரி திரும்பக் கிடைக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திரும்பக் கிடைத்த வரி முழுசாக நம்முடையதாக 20 வருடம் ஆகும். எட்டாம் வருடம் குத்தகையை விட்டு வெளியேறினால் இருபதில் பன்னிரண்டு பங்கைத் திருப்பிக் கட்ட வேண்டும். குத்தகையோ குறைந்தது ஒன்பது வருடம். ஒன்பது முடிந்ததும் அந்த நிறுவனம் வந்து, ‘இனிமேல் பழைய வாடகை கட்டுப்படியாகாது, குறைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லலாம். மாட்டேன் என்று குத்தகையைப் புதுப்பிக்காமல் விட்டால், சட்டப்படி அவர்களுக்கு நாம் வெளியேற்ற இழப்பீடு தர வேண்டியிருக்கும். கோவிட் காலத்தில் 2020-21 பனிக்காலம் முழுவதும் பிரான்சில் ரோப்கார்கள் ஓடவில்லை. நிறுவனங்கள் வாடகையை நிறுத்தின, உரிமையாளர்கள் வங்கித் தவணையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். உத்தரவாதம் என்பது கொடுக்கிறவரின் கஜானா அளவுக்குத்தான். முதல் இரண்டு மூன்று வருடத்துக்கு பில்டரே தரும் உத்தரவாத வாடகை எங்கிருந்து வருகிறது என்றும் கேட்க வேண்டும். பெரும்பாலும் அது வீட்டு விலையிலேயே ஏற்றி வைக்கப்பட்டிருக்கும். நம் பணத்தையே தவணையாக நமக்குத் தருகிறார்கள்.

சரி, உத்தரவாதம் எதுவும் வேண்டாம், நாமே வாடகைக்கு விடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கற்பனைக் கணக்குப் போடலாம். பிரெஞ்சு ஆல்ப்ஸில் 3,00,000 யூரோவுக்கு ஒரு படுக்கையறை கொண்ட பழைய வீடு. நோட்டரி செலவு, பதிவு வரி எல்லாம் சேர்த்துப் பழைய வீட்டுக்கு 7 முதல் 8 சதவீதம் ஆகும். ஏழரை என்று வைத்தால் அடக்கம் 3,22,500. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பிப்ரவரி பள்ளி விடுமுறை என்று நல்ல கிராக்கி உள்ள வாரங்கள் ஐந்து. வாரம் 1,800 வீதம் 9,000. சுமாரான பனிக்கால வாரங்கள் ஒன்பது நிரம்பினால், ஆயிரம் வீதம் இன்னொரு 9,000. கோடையில் நான்கு வாரம் 600 வீதம் 2,400. மொத்தம் 20,400. முந்நூறாயிரத்தில் இது 6.8 சதவீதம், தரகர் சொல்லும் எண் இதுதான்.

இனிக் கழிக்கலாம். சாவி கொடுத்து, சுத்தம் செய்து, விருந்தினரைக் கவனிக்கும் ஏஜென்சிக்கு 25 சதவீதம் என்றால் 5,100 போகும். கட்டடப் பொதுச் செலவு 3,000, சொத்து வரி 1,100, மின்சாரமும் இணையமும் 1,400, காப்பீடு 300. உடையும் நாற்காலி, ஈர பூட்ஸால் பாழாகும் தரை, மெத்தை என்று மாற்றுவதற்கு 1,500. மிஞ்சுவது 8,000. அடக்கத்தில் கிட்டத்தட்ட இரண்டரை சதவீதம், அதுவும் வருமான வரிக்கு முன்பு, கடன் வட்டி இல்லாமல். இதில் கிறிஸ்துமஸுக்கும் பிப்ரவரியிலும் தலா ஒரு வாரம் நாமே குடும்பத்தோடு போய்த் தங்கினால் கையில் 5,300தான், சதவீதம் 1.6. உரிமையாளர் போக ஆசைப்படும் வாரமும் வாடகை அள்ளிக் கொட்டும் வாரமும் ஒன்றே என்பதுதான் இந்த முதலீட்டின் பிறவிக்குறை. எண்களை ஊருக்கு ஊர் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் பனிக்காலம் டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை பதினேழு பதினெட்டு வாரம்தான் என்பதை எந்தத் தரகராலும் நீட்ட முடியாது.

வரியும் அசையாமல் இருப்பதில்லை. பிரான்சில் சுற்றுலா வாடகை வீடுகளின் வருமானத்தில் வரி போடுமுன் எளிய முறையில் கிடைத்த கழிவை 2024 நவம்பரில் வந்த சட்டம் வெட்டியது: தரச்சான்று பெற்ற வீட்டுக்கு 71இலிருந்து 50 சதவீதம், பெறாததற்கு 50இலிருந்து 30. தேய்மானமாகக் கழித்துக்கொண்ட தொகையை விற்கும்போது லாபக் கணக்கில் திரும்பச் சேர்க்கும் மாற்றம் 2025இல் வந்தது. அந்த 2024 சட்டமே, இரண்டாம் வீடுகள் மலிந்த ஊர்களில் புதுக் கட்டடங்களை உள்ளூர்வாசிகளின் நிரந்தரக் குடியிருப்புக்கென்று ஒதுக்கும் அதிகாரத்தையும் ஊராட்சிகளுக்குத் தந்தது. ஷாமொனி அதைக் கையில் எடுத்துக்கொண்டது. சுவிட்சர்லாந்தில் 2025 செப்டம்பர் வாக்கெடுப்பில், வீட்டில் வசிப்பதையே ஒரு வருமானமாகப் பாவித்துப் போட்ட வரியை ஒழிக்க முடிவானது; அதற்கு ஈடாக இரண்டாம் வீடுகள் மீது தனி வரி போட மாநிலங்களுக்கு வழி திறந்திருக்கிறது. ஜப்பானில் 2018இல் அமலான சட்டப்படி சாதாரண வீட்டைச் சுற்றுலா வாடகைக்கு வருடத்தில் 180 நாள்தான் விடலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் விடுதி உரிமம் வேண்டும். ஊர் மக்களுக்குக் குடியிருக்க வீடு கிடைக்காத மலையூர்களில் வெளியூர் உரிமையாளருக்கு ஓட்டு இல்லை, அனுதாபமும் இல்லை. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது: வருடத்தில் பத்து மாதம் இருட்டிக் கிடக்கும் ஜன்னல்களை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடமும் கடைகளும் எப்படி ஓடும்?

பனிக்கு வருவோம். 2023இல் ‘நேச்சர் கிளைமேட் சேஞ்ச்’ இதழில் வெளிவந்த ஆய்வு ஐரோப்பாவின் 2,234 பனிச்சறுக்குத் தளங்களைக் கணக்கிட்டது. உலகம் 2 டிகிரி சூடானால், செயற்கைப் பனி இல்லாவிட்டால், அவற்றில் 53 சதவீதம் கடும் பனிப்பற்றாக்குறை ஆபத்தில் விழும். 4 டிகிரியில் 98 சதவீதம். தளத்தின் பாதிப் பரப்புக்குச் செயற்கைப் பனி தூவினால் முறையே 27, 71 என்று குறையும். ஆனால் பனி பீரங்கிகளுக்கும் குளிர் வேண்டும். காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துப் பார்க்கும் ஈரக்குமிழ் வெப்பநிலை மைனஸ் 2 அளவுக்காவது இறங்கினால்தான் அவை வேலை செய்யும். தண்ணீர்த் தேக்கம் வேண்டும், மின்சாரம் வேண்டும். அந்தச் செலவு டிக்கெட் விலையில் ஏறும். ஜூரா மலையின் மெதாபியெஃப், 1,500 மீட்டர்கூட எட்டாத தளம், 2035க்குள் பனிச்சறுக்கிலிருந்து விலகிவிடத் திட்டமிட்டு அறிவித்தது. பிரான்சின் தணிக்கை நீதிமன்றமும் 2024 அறிக்கையில் மலையூர்களின் பொருளாதாரம் குறித்து எச்சரித்தது.

இதனால் எல்லோரும் உயரத்தைப் பார்க்கச் சொல்கிறார்கள். பிரான்சின் வால் தொரன்ஸ் 2,300 மீட்டரில் இருக்கிறது, மோர்சின் ஆயிரத்தை ஒட்டி. உயரம் முக்கியம்தான், சரிவு எந்தத் திசை பார்க்கிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். வடக்குச் சரிவில் பனி நிற்கும் அளவுக்குத் தெற்குச் சரிவில் நிற்காது. ஆனால் பனிக்காகவே பிறந்த உயரமான ஊர்கள் பல கோடையில் வெறிச்சோடிவிடும். மோர்சின், ஷாமொனி போன்ற பழைய ஊர்களில் கோடையில் மலை சைக்கிள், நடைபயணம், மலையேற்றம் என்று ஆள் வருகிறது. சமவெளி நகரங்கள் கொதிக்கும் ஜூலையில் மலைக் குளிர்ச்சிக்கும் கிராக்கி கூடுகிறது. முப்பது வருடக் கணக்குப் போடுகிறவராக இருந்தால், கோடைக்கும் ஆள் வரும் ஊரை நான் ஒரு படி மேலே வைப்பேன். பத்து வருடத்தில் விற்கப் போகிறவருக்கு உயரம் போதும்.

ரோப்கார் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். பிரான்சில் 1985ஆம் ஆண்டு மலைச் சட்டப்படி அது பொதுச் சேவை. ஊராட்சியே நடத்தலாம், அல்லது நீண்ட ஒப்பந்தத்தில் தனியாருக்குத் தரலாம். அந்த ஒப்பந்தம் எப்போது முடிகிறது, அதற்குள் எந்த ரோப்காரை மாற்றுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்பது பொதுவில் கிடைக்கும் தகவல். சுவிட்சர்லாந்தில் பனிச்சறுக்குத் தளங்களை நடத்தும் அமெரிக்காவின் வெய்ல் ரிசார்ட்ஸ் நிறுவனம் 2022இல் ஆண்டர்மாட்-செட்ருன் தளத்தின் 55 சதவீதத்தை வாங்கியது. பிறகு கிரான்-மொன்டானாவையும் பிடித்தது. பணம் உள்ளவர் கையில் தளம் போனால் வீட்டுக்காரருக்கு நல்லது என்று தரகர்கள் சொல்வார்கள். டிக்கெட் விலையும் சேர்ந்து ஏறும் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் நாணயம். வருமானம் ஒரு நாணயத்தில், வீடு இன்னொன்றில், கடன் மூன்றாவதில் என்று வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி ஒரு யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே போகாமல் பிடித்து வைத்திருந்த வரம்பை முன்னறிவிப்பின்றிக் கைவிட்டது. சில நிமிடங்களில் பிராங்க் எகிறியது. பிராங்கில் கடன் வாங்கி யூரோவில் வாடகை வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அன்று ஒரே நாளில் கடன் பெருத்தது. எதிர்த்திசையிலும் அடி விழும்: 2021 தொடக்கத்தில் டாலருக்கு 105 அளவில் இருந்த யென் 2024 நடுவில் 160ஐத் தொட்டது. ஜப்பானின் பனிச்சறுக்கு ஊரான நிசெகோவில் வாங்கிய டாலர்க்காரர் வீட்டு விலை உயர்வில் கண்ட லாபத்தில் பெரும் பகுதியை நாணயம் தின்றது. புதிதாக வந்தவருக்கோ அதே வீடு மலிவாகத் தெரிந்தது.

விற்கும் நாளையும் வாங்கும் நாளிலேயே யோசிக்க வேண்டும். பிரான்சில் உள்ளே போக ஏழரை சதவீதம், வெளியே வரத் தரகருக்கு ஐந்து என்றால், விலை ஏறத்தாழ பதின்மூன்று சதவீதம் ஏறினால்தான் போட்ட பணம் திரும்பும். இரண்டாம் வீட்டின் லாபத்துக்கு 19 சதவீத வருமான வரி, அதன் மேல் சமூகக் கட்டணங்கள். வருடம் ஆக ஆகச் சலுகை கூடி, 22 வருடத்துக்குப் பிறகு முதலாவதும் 30 வருடத்துக்குப் பிறகு இரண்டாவதும் இல்லாமல் போகும். அவ்வளவு காலம் வைத்திருப்பவர்களுக்காக எழுதப்பட்ட விதி அது.

என் கணிப்பு இது: வாடகை வருமானத்துக்காக மட்டும் வாங்குவதென்றால் பெரும்பாலான பனிச்சறுக்கு வீடுகள் தேறாது, அதைவிடக் குறைந்த தலைவலியில் அதே இரண்டரை சதவீதம் தரும் இடங்கள் ஏராளம். வருடா வருடம் மூன்று நான்கு வாரம் தவறாமல் போகிற குடும்பம், ஹோட்டலுக்குக் கொடுக்கும் பணத்தை ஒரு பக்கம் எழுதி, வாடகை போக வீட்டுக்குக் கையிலிருந்து விழும் செலவை மறுபக்கம் எழுதினால் சில சமயம் வீடு ஜெயிக்கும். அப்படி ஜெயித்தாலும் புதுக் கட்டடம் எளிதில் எழ முடியாத ஊராகத் தேடுவது நல்லது. பார்க்கப் போகிறவர்கள் பிப்ரவரியை விட்டு நவம்பரிலோ மே மாதத்திலோ போகட்டும். எந்தக் கடை திறந்திருக்கிறது, பேருந்து வருகிறதா, எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று அப்போதுதான் தெரியும்.

வீட்டைப் பார்க்கும்போது அளவிலும் கண் வேண்டும். 1960, 70களில் எழுந்த பிரெஞ்சு ரிசார்ட்டுகளில் 25, 27 சதுர மீட்டர் ஸ்டுடியோவை ‘ஆறு பேர் தங்கலாம்’ என்று விற்பார்கள். வாசல் நடையை ஒட்டி ஜன்னலே இல்லாத ஒரு மூலையில் இரண்டடுக்குக் கட்டில், கூடத்தில் இழுத்து விரிக்கும் சோபா, மீதி இருவருக்கு எங்கோ மடக்குக் கட்டில்கள். சாய்கூரைக்குக் கீழே இருக்கும் மாடி வீடாக இருந்தால், 1.80 மீட்டருக்கும் தாழ்ந்த உயரமுள்ள பகுதி, வீட்டுப் பரப்பை அளக்கும் பிரான்சின் கரே சட்டப்படி, பரப்பில் சேராது. பத்திரத்தில் எழுதிய பரப்பைவிட உண்மையான பரப்பு ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் விலையைக் குறைக்கக் கேட்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. பத்திரம் முடிந்து ஒரு வருடத்துக்குள் கேட்டாக வேண்டும்.

எல்லாவற்றையும்விட நான் முதலில் கேட்டு வாங்கும் காகிதம், உரிமையாளர் சங்கப் பொதுக்குழுவின் கடைசி மூன்று வருட நிகழ்ச்சிக் குறிப்புகள். பிரான்சில் விற்பவர் அதைத் தந்தே ஆக வேண்டும். யார் யார் கட்டணம் கட்டவில்லை, எந்த லிஃப்ட் படுத்துவிட்டது, வெளிச்சுவர் வேலைக்கு எத்தனை லட்சம் மதிப்பீடு வந்திருக்கிறது, அதை எத்தனை முறை தள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். வேலைக்குத் தீர்மானம் போட்டுப் பணம் இன்னும் கேட்கவில்லை என்றால் கவனம் தேவை: வேறு ஏற்பாடு எழுதாவிட்டால், பணம் கேட்கும் தேதியில் யார் உரிமையாளரோ அவர்தான் சங்கத்துக்குக் கட்ட வேண்டும். விற்பவர் காலத்தில் முடிவான வேலையை விற்பவரே ஏற்பார் என்று முன் ஒப்பந்தத்திலேயே எழுதும்படி நோட்டரியிடம் சொல்லிவிட வேண்டும். கையெழுத்துக்குப் பிறகு கேட்டுப் பயனில்லை.